ஸ்கேல் மறைத்த கடல்

ஒன்று வரவேண்டிய இடத்தில் எனக்கு 0.78 வந்தது.

விளக்கமாகச் சொல்கிறேன். எங்கள் காசு நான்கு கொடுத்தால் கடலுக்கு அப்பாலுள்ள நாட்டின் காசு ஒன்று கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் அவர்கள் ஊரில் எங்கள் காசு ஒன்றின் விலை கால். நான்கையும் காலையும் பெருக்கினால் ஒன்று. விகிதம் எவ்வளவு ஏறினாலும் இறங்கினாலும் இந்த ஒன்று மட்டும் அசையாது.

புள்ளிவிவர அலுவலகத்தில் என் வேலை அதைச் சரிபார்ப்பதுதான். நூறு வருட மாற்று விகிதங்களைப் புத்தகமாக்கப் போகிறார்கள். இடப்பக்கம் எங்கள் பதிவேட்டின் எண், வலப்பக்கம் அவர்கள் பதிவேட்டின் எண், ஒவ்வொரு வெள்ளிக்கிழமைக்கும் ஒரு வரி. தொண்ணூற்று மூன்று வருடங்கள் சமர்த்தாக ஒன்று, ஒன்று என்றே வந்தன. நடுவில் ஏழு வருடங்கள் மட்டும் 1.02, 0.97 என்று தள்ளாடின. ஒரு வாரம் 0.78 வரை விழுந்தது.

எங்கள் பிரிவுத் தலைவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'அடிக்குறிப்பு'. புரியாத எதையும் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் போட்டு மூடிவிடுவார்.

"அந்தப் பக்கத்து குமாஸ்தா தூங்கியிருக்கான்மா," என்றார் காலையில். "ஏழு வருஷத்தையும் எடுத்துடுங்க. 'எதிர்நாட்டுப் பதிவு நம்பத்தக்கதல்ல'ன்னு கீழ ஒரு வரி போடுங்க. நாலு மணிக்கு அச்சுக்குப் போகுது."

எனக்கு மனசு கேட்கவில்லை. மூன்று மாதமாக அந்தக் குமாஸ்தாவின் கையெழுத்து நகலோடுதான் இருக்கிறேன். ஏழு வருடமும் ஒரே கை. முத்து முத்தான எண்கள், அடித்தல் திருத்தல் ஒன்றுகூட இல்லை. நம்பத்தகாதவர் என்று ஒருமுறை அச்சேறிவிட்டால் அது அப்படியே நின்றுவிடும். இல்லையென்று சொல்ல அவர் எழுந்து வரப்போவதில்லை.

மதியம் சாப்பாட்டு டப்பாவோடு கீழ்த்தளத்துக்கு இறங்கினேன். அங்கே என் நாத்தனார் தையல் கடை வைத்திருக்கிறாள்.

"என்ன அண்ணி, மூஞ்சி இஞ்சி தின்ன மாதிரி இருக்கு?"

"கணக்கு ஒத்து வரலடி."

"எங்க அண்ணனோடயே ஒத்துப் போயிட்டீங்க. கணக்கு எம்மாத்திரம்?"

சிரித்துக்கொண்டே கட்டம் போட்ட சட்டையின்மேல், அதில் தைக்க வேண்டிய பையை வைத்தாள். பையின் கோடும் சட்டையின் கோடும் சேரவில்லை. என் வாய் சும்மா இருக்காதே. "வேற துணியில வெட்டிட்டியா?" என்றேன்.

"ஒரே துணிதான் அண்ணி. ரெண்டு கட்டம் கீழ உக்காந்திருக்கு, அவ்வளவுதான்."

இரண்டு விரலால் பையை மேலே தள்ளினாள். கோடும் கோடும் சேர்ந்து பை காணாமல் போயிற்று. வெறும் சட்டைதான் தெரிந்தது.

டப்பாவை அப்படியே வைத்துவிட்டு மாடிப்படி ஏறினேன்.

"அண்ணி, சாப்பாடு!"

"நீயே சாப்பிடு!"

சரிபார்ப்பவர்களுக்கு முதல் நாளே ஒரு பாடம் சொல்லித் தருவார்கள். படிக்கிற வரிக்கு அடியில் ஸ்கேலை வை, கண் அடுத்த வரிக்குத் தாவக்கூடாது. பன்னிரண்டு வருடமாக அந்தப் பாடத்தை மீறியதில்லை. கீழே இருக்கும் வரிகளை ஸ்கேல் மறைத்துவிடும் என்று யோசித்ததும் இல்லை.

இரண்டு நகல்களையும் நீள நீளமாக வெட்டி நாடாக்களாக ஒட்டினேன். அவர்கள் நாடாவை மட்டும் இரண்டு வரி மேலே தள்ளினேன். பெருக்கினேன். ஒன்று. அடுத்தது ஒன்று. அதற்கடுத்தது 0.9999. அந்த 0.78 வாரமும் ஒன்று.

முப்பது வரி போனதும் மறுபடி பிசகியது. உற்றுப் பார்த்தால், அங்கே ஒரே எண்ணை அவர் இரண்டு வாரம் எழுதியிருந்தார். அதிலிருந்து மூன்று வரி தள்ளினால் சரியாக வந்தது. நான்கு மாதம் கழித்து எங்கள் எண் ஒன்று அவரிடம் விடுபட்டிருந்தது. அதன்பின் பழையபடி இரண்டு வரி. அடுத்த வருடமும் அதே மாதத்தில் இரட்டை எண், அதே நான்கு மாதம் கழித்து விடுபட்ட எண். ஏழு வருடமும் அப்படியே.

எண் தானாகத் தாமதமாகாது. அதைச் சுமந்து போனது எதுவோ, அதுதான் ஒவ்வொரு வருடமும் அதே மாதங்களில் தாமதமாகியிருக்கிறது.

ஆவண அறையில் அஞ்சல் துறையின் பழைய ஆண்டறிக்கைகள் இருந்தன. எங்கள் துறைமுகச் சந்தையில் முடிவாகும் விகிதம் வெள்ளிதோறும் கடலடித் தந்திக் கம்பி வழியாக அன்றே அவர்களைச் சேருமாம். அந்த ஏழு வருடங்களின் தொடக்கத்தில் கம்பி அறுந்தது. புதுக் கம்பி போட ஏழு வருடம் ஆயிற்று. அதுவரை விகிதம் தபால் கப்பலில் போனது. வழக்கமாக இரண்டு வாரப் பயணம். எதிர்க்காற்று வீசும் நான்கு மாதங்களில் மூன்று வாரம்.

கப்பல் வராத வாரம் கையில் இருந்த எண்ணையே எழுதியிருக்கிறார். காற்று அடங்கி ஒரே வாரத்தில் இரண்டு கப்பல் வந்தபோது புதியதை எழுதியிருக்கிறார். முந்நூற்று அறுபத்து நான்கு வாரங்கள், ஒரு பிழை இல்லை. எங்கள் சந்தையை அவர் கண்ணால் கண்டிருக்க மாட்டார். ஆனால் காற்று திரும்பிய வாரத்தை அவருடைய நாலு தசம எண்ணில் என்னால் விரல் வைத்துக் காட்ட முடிந்தது. ஒரு கடலே அந்த நாடாவுக்குள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

மூன்று நாற்பதுக்கு இரண்டு நாடாக்களையும் தலைவர் மேஜையில் விரித்தேன். அவரே கால்குலேட்டரைத் தட்டினார். ஒன்று. இன்னொன்று. பத்துப் பதினைந்து தட்டியபிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"தூங்கினது நாமதான்மா," என்றார். சற்றுநேரம் நாடாவைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு, "எல்லா எண்ணும் இருக்கட்டும். கீழ ஒரு அடிக்குறிப்பு மட்டும்…"

"எழுதிட்டேன் சார்."

அவரிடம் நீட்டிய தாளில் இருந்தது இதுதான்: 'இந்த ஏழு ஆண்டுகளில் எதிர்நாட்டு விகிதங்கள் கப்பல் வந்து சேர்ந்த வாரத்தில் பதிவானவை. அவற்றை இரண்டு வரி மேலே தள்ளிப் படிக்கவும். எதிர்க்காற்று வீசும் நான்கு மாதங்களில் மூன்று வரி.'