பதினேழாம் நம்பர் ரெபரன்ஸ்

அந்தப் பழுப்பு உறை கல்கத்தாவிலிருந்து மூன்றாவது முறையாகத் திரும்பி வந்தபோது ஜெபராணிக்கு அதைப் பிரிக்கவே மனசு வரவில்லை. தபால்காரரிடம் கையெழுத்துப் போட்டு வாங்கி, மேசைமேல் எறிந்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். என்னதான் வேண்டுமாம் அந்த ஆராய்ச்சிப் பத்திரிகை ஆட்களுக்கு?

கட்டுரை என்னவோ பதினோரு பக்கம்தான். ஆரணிப் பட்டறைகளில் பட்டு நூலை சோப்புத் தண்ணீரில் வேகவைத்துப் பசை எடுக்கிறார்களே, அதைப் பற்றி அவள் புருஷன் அற்புதராஜ் எழுதியது. வேலூரில் ஒரு கல்லூரியில் கெமிஸ்ட்ரி டெமான்ஸ்ட்ரேட்டர் அவன். ஆறு வருஷமாக ஆரணியிலிருந்து கண்ணமங்கலம் வழி பஸ்ஸில் நின்றுகொண்டே போய்வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலுக்குப் போய்வந்த கையோடு பட்டறையில் நூல் வாங்கி, எடை போட்டு எழுதினான்.

பதினோரு பக்கத்தை அடிக்க ஜெபராணிக்கு ஒரு நாள் போதும். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் பாடம் சொல்லிக்கொடுக்கிற கை. உயிரை எடுத்ததெல்லாம் கடைசி இரண்டு பக்கம். யார் யார் எந்தப் பத்திரிகையில் முன்னால் என்ன எழுதினார்கள் என்ற ரெபரன்ஸ் பட்டியல், முப்பத்தொரு வரி.

முதல் தடவை ஆட்களின் பெயரை ஏ, பி, சி வரிசையில் அடித்து அனுப்பினாள். இல்லை, கட்டுரையில் வருகிற வரிசைப்படி நம்பர் போடு என்று திரும்பி வந்தது. நம்பர் போட்டாள். பத்திரிகைப் பெயரைச் சுருக்கு, சுருக்குவதையும் நாங்கள் சொல்கிறபடி சுருக்கு, தொகுதி எண்ணுக்குக் கீழே நெளிகோடு போடு என்று திரும்பி வந்தது. டைப்ரைட்டரில் நெளிகோட்டுக்கு எங்கே போவது? மேல்தாளிலும் மூன்று கார்பன் பிரதியிலும் பேனாவால் புழு புழுவாக இழுத்தாள். ஒரு கமா தப்பினால் நாலு தாளையும் தனித்தனியாக ரப்பரால் தேய்க்க வேண்டும். தேய்த்துத் தேய்த்து ஒரு தாளில் பொத்தலே விழுந்தது. கமாவைப் பார்த்தா எவனாவது பட்டு வேகவைக்கப் போகிறான்?

சாயங்காலம் அற்புதராஜ் வந்து உறையைப் பிரித்தான். படித்தவன் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

"ஜெபா, எடுத்துகினாங்க. ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி."

அந்த ஒன்று பதினேழாம் நம்பர். மற்ற முப்பதும் அச்சில் வந்தவை. இது மட்டும், 'பூங்காவனம், ஆரணி, நேரில் சொன்னது' என்று போட்டிருந்தது. நேரில் சொன்னதென்றால் சொன்னவரின் கையெழுத்தோடு ஒரு கடிதம் வேண்டுமாம். கிடைக்காவிட்டால் அந்த வரியை எடுத்துவிட்டு அனுப்பலாமாம். எதுவானாலும் கட்டுரை ஏற்கப்படும்.

ஏற்கப்பட்டாக வேண்டும். இது மே மாதம். ஜூன் முப்பதோடு அவனுடைய பிஎச்.டி. பதிவு முடிகிறது. ஒரு கட்டுரையாவது ஏற்கப்பட்டதென்று அதற்குள் காட்டினால்தான் பல்கலைக்கழகம் ஆய்வேட்டை வாங்கும். இல்லையென்றால் ஆறு வருஷமும் போச்சு, கடைசிவரை டெமான்ஸ்ட்ரேட்டர்தான்.

பூங்காவனம் அடுத்த தெருவில்தான் இருந்தாள். நூல் வேகவைக்கிற பட்டறை அவளுடையது. இந்தக் கட்டுரைக்காக அற்புதராஜுக்கு இரண்டு வருஷம் நூல் கொடுத்தவளும் அவள்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் போனபோது, ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"கையெழுத்துதானே, போட்டா போச்சு. நான் இன்னா சொன்னேன்னு எழுதிகிறீங்க? படிச்சு காட்டு டீச்சரம்மா."

ஜெபராணி ஆங்கில வரியைத் தமிழில் சொன்னாள். "வருஷம் முழுக்க இந்தப் பட்டறையில ஒரே கெணத்துத் தண்ணியிலதான் நூலு வேவுதுன்னு எழுதியிருக்குதுக்கா."

"யாரு சொன்னது?"

"நீங்கதான்க்கா."

"நானா? சித்திரை வந்தா இந்தக் கெணறு உப்பு கரிக்கும் டீச்சரம்மா. அதுல சோப்பு போட்டா தயிரு மாதிரி திரிஞ்சிகினு நிக்கும். நூலு எங்கேர்ந்து வேவும்? ஆத்துல ஊத்து தோண்டி, விடியறதுக்குள்ள வண்டியில தண்ணி கொண்டாந்துதான் ஆடி வரைக்கும் ஓட்டறோம்."

"நான் கேட்டப்ப கெணறுன்னு சொன்னீங்களே" என்றான் அற்புதராஜ்.

"நீங்க கேட்டது மாசி மாசம் சாரு. மாசியில கெணறுதான். சித்திரையில இன்னா தண்ணின்னு நீங்க கேக்கவே இல்லையே."

கடுப்பு யார்மேல் என்றே ஜெபராணிக்குத் தெரியவில்லை. கோடையில் வருகிற நூலில் பசை அதிகம் கழன்றுவிடுகிறது, அந்தப் பருவத்து நூலே வேறு மாதிரி என்பதுதான் கட்டுரை முழுக்கச் சொன்ன சேதி. நூலும் வேறில்லை, ஒன்றும் வேறில்லை. தண்ணீர்தான் வேறு.

இருவரும் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். செருப்பைக் கழற்றும்போது அற்புதராஜ் சொன்னான்.

"அந்த வரியை எடுத்துடு."

"தண்ணி?"

"தண்ணியைப் பத்தி கல்கத்தாவுல யாரு கேட்டா? அவங்களே எடுக்கலாம்னு சொல்லிட்டாங்க. ஜல்தியா முடி."

ஜல்தியா முடிக்கணுமாம். பதினேழை எடுத்தால் பதினெட்டு பதினேழாகும், பத்தொன்பது பதினெட்டாகும். அதற்குமேல் கட்டுரைக்குள் அடைப்புக்குறி போட்ட இடமெல்லாம் மாறும். நாலாவது தடவையாக எல்லாவற்றையும் அடிக்க வேண்டும். நல்ல பேஜார் என்று முணுமுணுத்துக்கொண்டே தாளைச் செருகினாள். ஏழாம் பக்கம் வரை விரல்கள் ஓடின. அங்கே அட்டவணை வந்தது. ஏப்ரல், மே, ஜூன் என்று மூன்று கட்டங்கள். விரல் நின்றுவிட்டது.

"ஏங்க, மத்த முப்பது பேரு எழுதினதையும் நீங்க படிச்சீங்களா?"

அவன் ஜன்னல் பக்கம் பார்த்தான். "பன்னெண்டு படிச்சேன். மத்தது அந்தக் கட்டுரைங்கள்ல போட்டிருந்த ரெபரன்ஸ்லேர்ந்து எடுத்தது. எல்லாரும் அப்படித்தான் போடறாங்க ஜெபா."

அவளுக்குக் கோபத்தில் அழுகையே வந்துவிட்டது. கண்ணால் பார்க்காத புத்தகத்தின் தொகுதி எண்ணுக்கா நாலு தாளிலும் புழு இழுத்தாள்?

"முப்பத்தொரு பேருல ஒருத்தருதான் பக்கத்துத் தெருவுல நின்னுகினு, நான் அப்படிச் சொல்லலைன்னு சொன்னது. அவங்களைத்தான் எடுக்கச் சொல்றீங்க."

"ஜூன் முப்பது ஜெபா. அதுக்கப்புறம் எனக்கு ஒண்ணும் இல்லை."

"தெரியும். அதுக்குத்தான் மூணு தடவை அடிச்சேன். இன்னைக்கு நீங்களே அடிச்சிக்கோங்க." எழுந்து அரிசி களையப் போனாள்.

உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். நாற்காலி இழுபட்டது. டைப்ரைட்டர் டக்கென்றது, கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு டக். அவ்வளவுதான். அப்புறம் அலமாரி திறந்தது, வாசல் கதவு சாத்தியது.

சோறு வடிக்கும் நேரத்துக்குப் பட்டறையிலிருந்து திரும்பி வந்தான். கையில் மூடி போட்ட இரண்டு பாட்டில்கள். ஒன்றில் 'கிணறு' என்றும் மற்றதில் 'ஆறு' என்றும் சீட்டு ஒட்டியிருந்தது.

"ரெண்டுலயும் வேகவெச்சு எடை போடணும். கெணத்துல உப்பு போனப்புறம் திரும்பவும் போடணும். ஆவணி ஆயிடும்" என்றான். "பதிவை நீட்டிக்கச் சொல்லி எழுதிப் பாக்கலாம். நீட்டிக்க மாட்டாங்க."

மாட்டார்கள் என்று அவளுக்கும் தெரியும். போன வருஷம் அவனோடு வேலை பார்த்தவர் ஒருவருக்கு நீட்டிப்பு கொடுக்கவில்லை. பாதி அடித்த தாளை உருவிவிட்டு, புதுத்தாளைச் செருகி, பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் அடிக்கத் தொடங்கினாள். தாமதத்துக்குக் காரணம் என்ற இடத்தில் நிறுத்தி அவனைப் பார்த்தாள்.

"உடம்பு சரியில்லைன்னு போடு. அதுக்குத்தான் கொடுப்பாங்க."

அவள் போட்டது அதுவல்ல. தாளை உருவி நீட்டினாள். அவன் வாங்கிப் படித்தான்.

'எனது கட்டுரையின் ரெபரன்ஸ் எண் 17, தான் அவ்வாறு கூறவில்லை என்று நேரில் தெரிவித்துவிட்டார்.'

இரண்டு தடவை படித்துவிட்டு, பேனாவைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டான்.