காய்ந்த திருநீறு

13 ஜூலை 2025, ஞாயிறு. இன்று ஒரு சிறு தவறு செய்தேன். கருவியைக் கட்டுவதற்கு முன் நெற்றியைத் துடைக்க வேண்டும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். நான் துடைக்கவில்லை. அம்மா அப்போதுதான் அண்ணனுக்குத் திருநீறு பூசியிருந்தார். அதனால் பெரிய வித்தியாசம் வந்திருக்காது. இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

பவித்ரன் இதை எழுதிக்கொண்டிருந்தபோது அடுப்படியில் அவன் அம்மா மங்களம் பாயசம் கிண்டிக்கொண்டிருந்தார். ஈராண்டுக்குப் பிறகு மூத்த மகன் பேசிவிட்டான் என்றால் பாயசம் வைக்காமல் வேறென்ன செய்வார்?

அண்ணன் தர்மா எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவன். சிலிம் ரிவர் ஊருக்கு இந்தப் பக்கம் ஒரு மழைநாளில் லோரி கவிழ்ந்தது. அன்றிலிருந்து படுக்கைதான். கண் திறந்திருக்கும், யார் வந்தாலும் போனாலும் கூடவே திரும்பாது. வயிற்றுக் குழாய் வழியாகப் பால் போகும். உள்ளே நினைவு இருக்கிறதா என்று கேட்டதற்கு, இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த 'இருக்கலாம்' ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் பத்து காஜா ஊருக்கு வெளியே, பழைய தோட்டத்துத் தொழிலாளர் லயங்களை இடித்துக் கட்டிய அந்த வீட்டில் அம்மா, தம்பி, மனைவி மூன்று பேரும் நாளைத் தள்ளினார்கள்.

பவித்ரனுக்குப் பகலில் வீடு வீடாகப் போய் ஏசி கழுவும் வேலை. செவ்வாயும் வியாழனும் மாலையில் ஈப்போவில் மருத்துவக் கருவி வகுப்பு. எதையும் இரண்டு முறை சரிபார்ப்பான், சரிபார்த்ததையும் நம்பமாட்டான். மூளையின் மின் அலையைப் படிக்கும் தலைப்பட்டையை மாணவர்கள் இரவல் எடுக்கலாம் என்று வகுப்பில் அறிவித்ததும், முதல் ஆளாகக் கேட்டு வாங்கிவந்தான்.

முறை எளிதுதான். முதலில் நெற்றியலையின் சாதாரண அளவைக் கருவி குறித்துக்கொள்ளும். பிறகு கேள்வி. ஆமாம் என்றால் மனத்துக்குள் லோரி ஓட்டு, இல்லை என்றால் சும்மா படு என்று தர்மாவின் காதில் பவித்ரன் சொன்னான். அலை உயர்ந்தால் மடிக்கணினியில் பச்சை எரியும்.

கேள்வி கேட்டவள் தர்மாவின் மனைவி கலாதேவி. அவளுக்கு ஜொகூரில் ஒரு மின்னணு ஆலையில் வேலை கிடைத்திருந்தது, தங்குமிடத்தோடு. சனிக்கிழமை பஸ். மாமியார் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. அவளும் யாரிடமும் கேட்கவில்லை. என் கணவர் வாயால் வரட்டும், போகிறேன் என்று மட்டும் சொல்லியிருந்தாள்.

பெரிய விஷயத்தை எடுத்த எடுப்பில் கேட்கிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை. முதலில் வயிறு நிறைந்ததா என்று கேட்டாள். விளக்கு எரியவில்லை. முதுகு வலிக்கிறதா, காற்றாடியைக் குறைக்கட்டுமா, அம்மா பக்கத்தில் இருப்பது தெரிகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டும் எரியவில்லை. எல்லாவற்றுக்கும் கடைசியில், தலையைக் குனிந்துகொண்டு, நான் ஜொகூருக்குப் போகட்டுமா என்று கேட்டாள்.

பச்சை எரிந்தது. ஒரு முறை அல்ல. திரும்பக் கேட்டபோதும் எரிந்தது.

கலாதேவி கணவனின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மங்களம் மருமகளைத் தூக்கி நிறுத்தி, "எம்புள்ளயே சொல்லிட்டான். போய்ட்டு வா கலா, நான் பாத்துக்கறேன்" என்றார். அலமாரி மேலிருந்த பெட்டி அன்றைக்கே கீழே இறங்கியது.

செவ்வாய்க்கிழமை வகுப்பில் பவித்ரன் சொன்ன இந்தக் கதையைக் கேட்ட சக மாணவி ஷர்மினி கைதட்டவில்லை. அவள் ஈப்போவில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்ப்பவள். நல்ல சேதியை அவ்வளவு சீக்கிரம் நம்புகிற ஆள் இல்லை. யோசிக்கவே யோசிக்காத ஒன்றின் மேல் கருவியைக் கட்டிப் பார்த்தாயா என்று கேட்டாள். இல்லை என்றான்.

"அப்ப உன் தலையில கட்டு லா" என்றவள், அவன் முகம் போன போக்கைப் பார்த்து, வீட்டுக்கு வாங்கி வைத்திருந்த பப்பாளியைப் பையிலிருந்து எடுத்து மேசை மேல் வைத்தாள்.

பட்டை கட்டிய பப்பாளி முதலில் ஒழுங்காகத்தான் இருந்தது. எதைக் கேட்டாலும் விளக்கு எரியவில்லை. பவித்ரனுக்கு மூச்சு வந்தது. அப்போதுதான் ஞாயிற்றுக்கிழமை எழுதி வைத்த சிறு தவறு நினைவுக்கு வந்தது. பணப்பையில் கோயில் திருநீற்றுப் பொட்டலம் இருந்தது. தண்ணீரில் குழைத்துப் பப்பாளிமேல் மூன்று விரலால் இழுத்து, அதன்மேல் பட்டையைக் கட்டினான்.

ஈரம் இருந்தவரை ஒன்றுமில்லை. திருநீறு காயக் காயக் கருவியின் தொடுமுனைக்குப் பிடிப்பு விட்டது. சுவரிலிருக்கும் மின்கம்பியின் இரைச்சலெல்லாம் உள்ளே புகுந்து அலையாக எழும்பியது. சாதாரண அளவைத் தொடக்கத்தில் ஒரே ஒரு தடவை எடுத்திருந்ததால், எழும்பியதையெல்லாம் கருவி ஆமாம் என்றே கணக்கில் வைத்தது. கடைசியில் எதைக் கேட்டிருந்தாலும் பச்சைதான். ஞாயிறன்று அண்ணனிடம் கடைசியில் கேட்டது ஜொகூர்.

ஷர்மினி சிரிக்கப் பார்த்தாள். அவனைப் பார்த்ததும் விட்டுவிட்டாள்.

வீட்டுக்கு வந்தவன் அன்று வாய் திறக்கவில்லை. சொல்லாமல் விட்டால் என்ன? அண்ணி போவாள், அம்மா மனம் நிறைந்திருப்பார், யாருக்கு நட்டம்? ஆனால் அண்ணன் போகாதே என்று உள்ளே கதறிக்கொண்டிருந்தால்? யோசித்து யோசித்து, இன்னொரு தடவை முறையாகச் செய்துவிடலாம், ஒருவேளை உண்மையிலேயே பச்சை எரியலாம் என்ற இடத்தில் போய் நின்றான்.

புதன் மாலை வேலை முடிந்து வந்ததும் இருவரிடமும் எல்லாவற்றையும் சொன்னான். பப்பாளியையும் விடவில்லை. பிறகு அண்ணனின் நெற்றியை ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டுப் பட்டையைக் கட்டினான். ஒவ்வொரு கேள்விக்கும் முன் அளவைப் புதிதாக எடுத்தான். இந்த முறை ஜொகூரை முதலில் கேட்கச் சொன்னான். கலாதேவி கேட்டாள். நடுவில் கேட்டாள். கடைசியிலும் கேட்டாள். திரை கறுப்பாகவே கிடந்தது. நான் யாரென்று தெரிகிறதா என்ற கேள்விக்கும் அது கறுப்புதான். இல்லை என்பதற்கும் கறுப்பு, ஆளே இல்லை என்பதற்கும் கறுப்பு. இரண்டில் எது என்று சொல்ல அந்தக் கருவிக்கு வழியில்லை. பவித்ரனுக்கும் இல்லை.

"நீறு பூசாம கேட்டா எப்படிப் பேசுவான்?" என்று மங்களம் எழுந்து போய்த் திருநீற்றுக் கிண்ணத்தை எடுத்துவந்தார். மகனின் நெற்றியில் ஈரமாகப் பூசி, பட்டையைத் தம் கையாலேயே கட்டி, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "அம்மா வந்திருக்கேன்யா. தெரியுதா?" என்று கேட்டார். எரியவில்லை. பொறுமையாக மறுபடி மறுபடி கேட்டார். நீறு காய்ந்ததும் எரிந்தது.

"பாத்தியா" என்றார் பவித்ரனிடம்.

கலாதேவி வாசலில் நின்று ஜொகூர் ஏஜென்டுக்குப் போன் செய்து, வரவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பவித்ரன் பக்கத்தில் போய், தப்பு என்னுடையதுதான், யார் சொன்னால் என்ன அண்ணி, நீங்கள் போங்கள் என்றான். அவள் கோபப்படவில்லை.

"அவரு போகச் சொன்னாருன்னு எங்கம்மா வீடு வரைக்கும் சொல்லிட்டேன், தம்பி. இப்ப பப்பாளி சொல்லிச்சுன்னா போறேன்?"

"அண்ணன் வேணாம்னும் சொல்லலியே, அண்ணி."

"ஆமா" என்றாள். "அதத்தான் ரெண்டு வருசமா சொல்லாம இருக்காரு."

உள்ளே போய்ப் பால் கலக்கத் தொடங்கினாள். குழாயில் பால் இறங்கும் நேரம். அறையில் மங்களம் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தார். பசிக்கிறதா, தங்கச்சி கல்யாணம் நினைவிருக்கிறதா, அப்பாவை நினைக்கிறாயா. எல்லாவற்றுக்கும் பச்சை எரிந்தது. பவித்ரன் கருவியை அணைக்கக் கையை நீட்டி, அணைக்காமலே பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

16 ஜூலை, புதன். அம்மா உறங்கப் போகும்போதுதான் பட்டையைக் கழற்ற முடிந்தது. நாளை: தொடுமுனைகளில் ஒட்டிய திருநீற்றைக் கழுவ வேண்டும். அண்ணியின் பெட்டியை அலமாரி மேல் ஏற்ற வேண்டும். வகுப்பு தொடங்குமுன் கருவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.