உப்புக் கிடங்குச் சந்தில் ஒரு ரிவர்ஸ் கியர்

முத்துமாரியின் வண்டி முன்னால் மட்டும்தான் போகும். ஸ்கூட்டரின் பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் இரண்டு சக்கரங்கள் பூட்டிய மூன்று சக்கர வண்டி. குழந்தைப் பருவத்தில் வந்த காய்ச்சலில் அவளுடைய வலது கால் மெலிந்துவிட்டது. ஆனால் துறைமுகச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே அவள் போகிற வேகத்தைப் பார்த்தால் யாருக்கும் கால் ஞாபகம் வராது. சிக்கல் சாலையில் இல்லை, வீட்டு வாசலில் இருந்தது.

வீடு சந்தின் கடைசியில். அதற்கு அப்பால் உப்புக் கிடங்கின் சுவர். சந்தின் அகலம் ஐந்தடி, வண்டியின் அகலம் நாலடி. உள்ளே வந்த வண்டியைத் திருப்ப முடியாது. யாராவது பின்னாலிருந்து இழுத்துத்தான் தெருவுக்குக் கொண்டுபோக வேண்டும். அம்மா இசக்கித்தாய் ஒரு தடவை இழுத்தாள். இடுப்பில் டிஸ்க் விலகி ஒரு வாரம் படுத்துவிட்டாள். அன்றிலிருந்து இழுப்பவர், சந்து முனையில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் செல்வதுரை அண்ணாச்சி.

நான்கு வருஷமாகக் காலை எட்டரைக்குப் பிசகாமல் வருவார். கைம்மாறாக எதுவும் வாங்கியதில்லை. தகவல் மட்டும் போதும் அவருக்கு.

“நேத்து வர ஏழரை ஆயிட்டே, எங்கன போயிருந்த?”

“ஆபீஸ்ல வேலை அண்ணாச்சி.”

“யாரு கூட?”

வண்டி தெருவைத் தொடுவதற்குள் மூன்று கேள்வி முடிந்துவிடும். மாலைக்குள் பதில்கள் சந்து முழுக்கப் போய்ச் சேர்ந்துவிடும். முத்துமாரி இயற்பியல் படித்தவள். வண்டியின் எடை, தன் எடை, சந்தின் சரிவு எல்லாம் போட்டு ஒருநாள் கணக்குப் பார்த்தாள். உராய்வைச் சேர்த்தாலும் மூன்று குடம் தண்ணீரை மாடிக்கு ஏற்றுகிற வேலைதான் வந்தது. மூன்று குடத்துக்கு இத்தனை பதில் அதிகம் என்று பட்டது. ஆனால் அதை அவரிடம் சொல்லக்கூடிய பெண்ணாக அவள் இல்லை.

அவள் வேலை பார்ப்பது கப்பல் சரக்கு ஏஜென்சி ஒன்றில். ஒரு செவ்வாய்க்கிழமை மேனேஜர் ஜாஸ்லின் அவளைக் கூப்பிட்டார்.

“மாரி, காலை ஆறு மணி டெஸ்க் காலியாகுது. விடியக்காலம் துறைமுகத்துக்குள்ள வார கப்பலோட பேப்பர் பூரா உன் பொறுப்பு. திங்கக்கிழமை ஆறுக்கு வந்து உக்காந்தியன்னா உனக்கு. இல்லன்னா ஸ்டெபினுக்குக் கொடுத்துருவேன்.”

அந்த மேஜையை அவள் நான்கு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாயில் சட்டென்று வந்தது, “அண்ணாச்சிகிட்ட கேட்டுச் சொல்லுதேன் மேடம்.”

“எந்த அண்ணாச்சி?” என்றார் ஜாஸ்லின்.

முத்துமாரிக்குக் காது சுட்டது.

அன்று மாலையே கேட்டாள். செல்வதுரை துவரம்பருப்பை நிறுத்துக்கொண்டே தலையாட்டினார், இல்லை என்கிற பக்கமாக.

“அஞ்சரைக்கா? அஞ்சரைக்கு நானே எந்திரிக்க மாட்டேன்ளா. அந்த வேலை நமக்குச் சரிப்படாது.”

நமக்கு என்றதை அவள் கவனித்தாள்.

“வண்டிக்கு ரிவர்ஸ் கியர் வைக்கலாம்னு இருக்கேன், அண்ணாச்சி.”

“ரிவர்ஸா? மூணு சக்கர வண்டிக்கு ரிவர்ஸ் எதுக்கு? சைக்கிளுக்கு இருக்கா? புல்லட்டுக்கு இருக்கா?”

கடையில் சர்பத் குடித்துக்கொண்டிருந்த மந்திரமூர்த்தி தம்ளரைக் கீழே வைத்தார். துறைமுகத்தில் கிரேனுக்குக் கை காட்டுகிற வேலையில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர்.

“ஏளா, அம்மாம்பெரிய கப்பலே டக் படகு வந்து இழுத்தாத்தான் பெர்த்தை விட்டு வெளிய வருது. அதுக்கு இல்லாத கௌரவம் ஒன் வண்டிக்கு வந்துட்டோ?”

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். முத்துமாரியும் கொஞ்சம் சிரித்து வைத்தாள். கப்பலை இழுக்கிற டக், நேற்று ஏன் லேட் என்று கேப்டனிடம் கேட்பதில்லை. இதைச் சொல்லலாம் என்று தோன்றுவதற்குள் அவள் வீட்டுக்கு வந்திருந்தாள்.

சனிக்கிழமை வண்டியை அற்புதமணியின் ஒர்க்‌ஷாப்பில் விட்டாள். அவர் எஞ்சினுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டியும், கைக்கு எட்டுகிற இடத்தில் ஒரு லிவரும் வைத்துக் கொடுத்தார்.

“லிவரைத் தூக்குனா பின்னால வரும். கூடவே பீப் பீப்னு சத்தமும் வச்சிருக்கேன், தங்கச்சி. அது நம்ம அன்பளிப்பு.”

வேண்டாம் என்று சொல்ல அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

ஞாயிறு மதியம் மூன்று மணி. கறிச்சோறு சாப்பிட்டுவிட்டுச் சந்து மொத்தமும் உறங்கும் நேரம் பார்த்து, பழகிப் பார்க்க வண்டியில் ஏறினாள். லிவரைத் தூக்கினாள். சத்தம் கிளம்பியது. கதவுகள் வரிசையாகத் திறந்தன.

ஒரு வண்டி பின்னால் வந்தால் சும்மா நிற்க முடியாத கை நம் ஆண்களின் கை. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஐந்து பேர் வந்துவிட்டார்கள். அதில் இரண்டு பேருக்கு வண்டியே ஓட்டத் தெரியாது.

“வரலாம், வரலாம்...”

“லெப்ட்ல ஒடி! லெப்டு!”

“ஏலே, ரைட்டுலே! செவுத்துல உரசப் போவுது!”

மந்திரமூர்த்தி ஆள்காட்டி விரலை உயர்த்தி வட்டமாகச் சுழற்றினார். துறைமுகத்தில் அதற்கு, சரக்கை மேலே தூக்கு என்று அர்த்தம். வண்டியை எங்கே தூக்குவது என்று அவளுக்குப் புரியவில்லை. கண்ணாடியைப் பார்க்க வேண்டும் என்று தெரியும். ஆனால் ஐந்து பேர் சொல்லும்போது கண்ணாடியைப் பார்ப்பது மரியாதைக் குறைவாகப் பட்டது. பழகிய குரலைப் பிடித்துக்கொண்டாள்.

“வா, வா, வா. எம் மூஞ்சியப் பாரு. வரலாம், எடம் கெடக்கு, வரலாம்” என்றார் செல்வதுரை.

வந்தாள். சந்து முனையில் அவரே நிறுத்தியிருந்த அவருடைய பைக் பொத்தென்று விழுந்தது. இண்டிகேட்டர் உடைந்து தெருவில் ஓடியது.

எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். பைக்கை அங்கே நிறுத்தியது யார் என்றோ, வரலாம் என்றது யார் என்றோ ஒருவரும் கேட்கவில்லை. குற்றவாளி ரிவர்ஸ் கியர்தான் என்று முடிவானது.

“நான் அப்பவே சொன்னேம்லா” என்றார் செல்வதுரை, உடைந்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டு.

இரவுச் சாப்பாட்டின்போது அம்மா சொன்னாள். “கழத்திப் போட்டுருளா. ஊரு பொல்லாப்பு நமக்கு எதுக்கு? எட்டரைக்கு அவரு இழுக்கத்தான செய்யுதாரு.”

“ஆறு மணிக்கு நான் அங்கன இருக்கணும்மா.”

“அவருட்ட மன்னிப்புக் கேட்டுப் பாரேன்.”

முத்துமாரி ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு போய், வண்டியின் பின்மூடியைக் கழற்றி, சத்தத்துக்குப் போகிற ஒயரை மட்டும் பிடுங்கிவிட்டு வந்து படுத்தாள்.

திங்கள் காலை ஐந்தேகால். சந்தில் உப்பு வாசனையும் ஒரு சேவலும் தவிர எதுவும் விழிக்கவில்லை. ஏறி உட்கார்ந்து லிவரைத் தூக்கினாள். வண்டி பீப் சத்தமில்லாமல் பின்னால் நகர்ந்தது. இந்த முறை கண்ணாடியைப் பார்த்தாள். கண்ணாடியில் செல்வதுரை அண்ணாச்சி நின்றுகொண்டிருந்தார். அவளை இழுப்பதற்கு அஞ்சரைக்கு எழுந்திருக்க முடியாதவர், பைக்கைக் காப்பாற்ற ஐந்து மணிக்கே எழுந்திருந்தார்.

“நில்லு, நில்லு. நான் பாத்துக்கிடுதேன்” என்று வந்து வண்டியின் பின்கம்பியைப் பிடித்தார். பிடித்த பிறகு என்ன செய்வதென்று கைக்குத் தெரியும். இழுத்தது. வண்டி ஏற்கெனவே வந்துகொண்டிருந்தது.

“அண்ணாச்சி, கைய எடுங்க.”

சொன்ன பிறகுதான் அது தன் குரல் என்று அவளுக்கு உறைத்தது.

“ஏன்ளா, இழுக்கேம்லா?”

“வண்டியே வருது, அண்ணாச்சி.”

கையை எடுத்தார். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் முதுகைச் சொறிந்தார். அவர் ஒதுங்கச் சந்தில் இடமில்லை. வண்டி வர வர, அவர் பின்னோக்கி நடந்தார். அப்படி நடந்துகொண்டே, “வரலாம், வரலாம்” என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டார். அவள் சுவரையும் கண்ணாடியையும் மட்டும் பார்த்து, பைக்குக்கு இரண்டடி இடம் விட்டு, தெருவுக்கு வந்து வண்டியைத் திருப்பினாள்.

அவர் மூச்சு வாங்க நின்றார்.

“திரும்பி எத்தன மணிக்கு வருவ?”

“தெரியாது, அண்ணாச்சி” என்றாள் முத்துமாரி. இரண்டு மணிக்கு வேலை முடியும் என்பது அவளுக்கு நன்றாகவே தெரியும்.