இரும்பைக் காத்த சாறு

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே ஐரினுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கல்லூரி ஆய்வுக்கூடத்துக்கு மூன்று நாளாக விடுமுறை. மரிக்கொழுந்தைக் கையால் தொடவில்லை, உடுப்பையெல்லாம் துவைத்தாயிற்று. ஆனாலும் தல்லாகுளம் வீட்டுக்குள் மரிக்கொழுந்து வாசனை குப்பென்று அடித்தது.

அவள் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்டது அந்தத் தழையைத்தான். அதன் சாற்றைக் கலந்த அமிலத்தில் இரும்புத் தகடு அவ்வளவாக அரிபடவில்லை. கண்ணாடித் தட்டில் வளர்த்த கிருமிகளும் சாறு பட்ட இடத்தைச் சுற்றிச் செத்துப்போயின. அந்தச் சந்தோஷத்தில் அம்மா பாக்கியமேரியிடம் கொஞ்சம் தாராளமாகவே அளந்துவிட்டாள். தட்டில் சாவது வேறு, உடம்பில் சாவது வேறு என்று சொல்ல வாய் வரவில்லை. பெருமை பேசும்போது யாருக்குத்தான் வரும்?

அதற்கப்புறம் பத்து நாளாக வீட்டில் இந்த வாசனைதான். ஆய்வுக்கூடத்திலிருந்து தன் கையோடு வருகிறது என்றே நினைத்துக்கொண்டிருந்தாள் ஐரின்.

சமையலறைக்குப் போய்ப் பார்த்தாள். ஒரு சட்டி நிறைய வெந்த தழை. அம்மா சர்க்கரை நோய்க்காரி. காலில் செருப்புக் கடித்த புண் ஆறிவிட்டது என்று சொல்லியிருந்தாள்.

"காலைக் காட்டும்மா."

"அது கெடக்குடி. சர்ச்சுக்கு நேரமாச்சு."

"காட்டுங்கிறேன்ல!"

தழையை வைத்துக் கட்டியிருந்த துணியைப் பிரித்ததும் வாசனையை மீறிக்கொண்டு நாற்றம் வந்தது. சுண்டுவிரல் கறுத்திருந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போகலையா நீ?"

"எதுக்குப் போகணும்? அம்புட்டு ஆசிட்ல இரும்பையே காப்பாத்துதுன்னு நீதானே சொன்ன? எங் காலைக் காப்பாத்தாதா?"

முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவள் கேட்கிற கேள்வி! ஆனால் சொன்னது மகளாயிற்றே. ஐரினுக்குத் தன்னைத்தானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போன ஆட்டோ கோரிப்பாளையம் சிக்னலில் மாட்டிக்கொண்டது. "அண்ணே, சந்து வழியாப் போங்கண்ணே" என்று டிரைவரை அரித்தெடுத்தாள். இறங்கி அம்மாவைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. அம்மா கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தாள்.

"விரலை எடுக்கணும். இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா காலே போயிருக்கும்" என்ற டாக்டருக்குக் கோபம் தாங்கவில்லை. "இந்தத் தழையைப் போடச் சொன்னது யாரு?"

"பக்கத்து வீட்டுல சொன்னாங்க சார்" என்றாள் பாக்கியமேரி பட்டென்று. அம்மா பொய் சொல்லி ஐரின் கேட்டதே கிடையாது.

"இல்ல டாக்டர். நான் சொன்னதைக் கேட்டுத்தான்..." என்று ஆரம்பித்தாள் ஐரின்.

அம்மா அவள் கையை நறுக்கென்று கிள்ளினாள்.

"சும்மா இருடி" என்று காதோரம் சீறினாள். "வெளிய தெரிஞ்சா ஒன் பட்டம் என்னாகும்?"