பன்னிரண்டு யார்டு

துரும்புக்குத் தன் அண்ணியின் மேல் சந்தேகம் விழுந்தது கோல்ஃப் சீசனின் நடுவில், ஒரு மலிவு விடுதியின் குளியலறையில். குழாயைத் திறந்து விட்டுவிட்டு, வாசனையில்லாத களிம்பை இடது தோளில் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்த்து முடித்துக் குழாயை மூடியபோது, கதவுக்கு அந்தப் பக்கம் அண்ணி போனில் பேசுவது தெளிவாகக் கேட்டது.

"சீசன் முடியட்டும். அதுவரைக்கும் அவளுக்குத் தெரிய வேணாம்."

அவள் என்பது யார் என்று கேட்கவேண்டியதில்லை. அந்த அறையில் இருந்ததே இரண்டு பேர்.

துரும்பு என்று பெயர் வைத்தது அண்ணன். உடம்பு அப்படி. ஆனால் அந்த உடம்பு கோல்ஃப் மட்டையை வீசினால் பந்து போகும் தூரத்தைப் பார்த்து, கூட ஆடும் பெண்கள் வாயடைத்து நிற்பார்கள். அந்தத் தூரத்தில் அவளுக்குக் கர்வம் உண்டு. கொஞ்சநஞ்சமல்ல, நிறையவே உண்டு.

அவள் ஆடியது பெரிய போட்டிச் சுற்று அல்ல, அதற்கு ஏணிப்படியான சின்னச் சுற்று. வாரம் ஓர் ஊர், பழைய காரின் பின்சீட்டில் ஈரச் சாக்ஸ், ஒரு கட்டில் உயரமாகவும் இன்னொன்று பள்ளமாகவும் இருக்கும் அறைகள். வருட முடிவில் புள்ளிப் பட்டியலின் முதல் பத்துப் பேருக்குப் பெரிய சுற்றில் இடம். பதினோராவது ஆளை முதுகில் தட்டி அனுப்பிவிடுவார்கள். துரும்புக்கு இது நான்காவது வருடம். இந்தமுறையும் கிடைக்காவிட்டால் அண்ணனின் அலுவலகத்தில் உட்காருவதாக வாக்குக் கொடுத்திருந்தாள்.

அவளுடைய பையைச் சுமக்கத்தான் அண்ணி நீண்ட விடுப்பில் வந்திருந்தாள். பை சுமப்பவருக்கு இந்த ஆட்டத்தில் கேடி என்று பெயர். பெயருக்கேற்ற ஆள்தானோ என்று துரும்பு இப்போது யோசிக்க ஆரம்பித்தாள். அண்ணியும் நாத்தனாரும் ஒரே அறையில் ஒரு வருடம் இருந்து சண்டை வராமல் இருப்பதே அதிசயம் என்று ஊர் சொல்லும். சண்டை வராததே கூட இப்போது உறுத்தியது.

முதல் நாளே பேசிக்கொண்ட ஒப்பந்தம் ஒன்று இருந்தது. தூரம் அண்ணி பாடு, அடி துரும்பு பாடு. குழிக்கு எத்தனை யார்டு என்று அண்ணி சொல்வாள், அதற்கான மட்டையைத் துரும்பு எடுப்பாள். தூரம் காட்டும் கருவிக்கு அங்கே அனுமதியில்லை. புல்லுக்குத் தண்ணீர் பீய்ச்சும் குழாய்களின் வட்ட மூடிகளில் தூரம் பொறித்திருக்கும். அதைத் தேடிப் பார்த்து, மிச்சத்தை எட்டு வைத்து அளந்து சொல்லவேண்டும்.

போனில் கேட்ட பேச்சுக்குப் பிறகு துரும்பு கவனித்தாள். அண்ணி பந்தை நோக்கி அவளுக்கு முன்னால் ஓடுகிறாள். முன்னெல்லாம் இருவரும் ஊர்வம்பு பேசிக்கொண்டு சேர்ந்து நடப்பார்கள். ஓடிப்போய் மூடியைக் கண்டுபிடித்ததும் பையை அதன் மேலேயே இறக்கி வைக்கிறாள். ஒருமுறை என்றால் தற்செயல், ஒவ்வொரு முறையுமா? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்தான், ஒப்புக்கொள்ளலாம். ஆனால் பேய் இப்படிப் பையை இறக்கி வைக்குமா?

வேடிக்கை என்னவென்றால், அந்த வாரங்களில்தான் துரும்பு மேலே ஏறினாள். இருபதுக்கும் கீழே கிடந்தவள் ஒன்பதாம் இடத்துக்கு வந்துவிட்டாள். அது தன் திறமை என்று நினைத்துக்கொண்டாள். அண்ணி கடைசியில் ஏதோ செய்யப்போகிறாள் என்றும் நினைத்தாள். வீட்டுக்குத் திரும்பத் துடிக்கிறாள், அண்ணனும் அதற்கு உடந்தை. இரவில் தூங்கும் அண்ணியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பாள். நான்கு வருட உழைப்பு இவள் கையில் இருக்கிறதே என்று நினைத்துக்கொள்வாள்.

கடைசிப் போட்டி, கடைசிக் குழி. வழக்கமான நான்கு அடியில் முடித்தால் பத்துக்குள் இடம் நிச்சயம். முதல் அடி நன்றாக விழுந்திருந்தது. இரண்டாவது அடி ஒரு குளத்தைத் தாண்டிப் போகவேண்டும்.

"நூத்தம்பது," என்றாள் அண்ணி. அந்தத் தூரத்துக்குத் துரும்பு வழக்கமாக எடுக்கும் எட்டாம் நம்பர் மட்டையை நீட்டினாள். பை வழக்கம்போல், பந்துக்குப் பக்கத்திலேயே, தரையில் ஏதோ ஒன்றின் மேல் நின்றது.

துரும்பு பையைக் காலால் நகர்த்தினாள். மூடியில் நூற்று முப்பத்தெட்டு என்று பொறித்திருந்தது.

அண்ணியின் முகம் வெளுத்தது. துரும்புக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. பந்தைக் குழிக்குப் பின்னால் மரத்தடிக்கு அனுப்பப் பார்க்கிறாள், அவ்வளவுதான். எட்டாம் நம்பரைத் தள்ளிவிட்டு, அதைவிடக் குறைந்த தூரம் போகும் ஒன்பதாம் நம்பரைத் தானே உருவினாள். அண்ணி ஏதோ சொல்ல வந்தாள். துரும்பு கேட்கும் நிலையில் இல்லை.

அடி அற்புதமாக அமைந்தது. அந்த வருடத்திலேயே அப்படி ஓர் அடி அவள் அடித்ததில்லை. பந்து நேராக, உயரமாக, கொடியைப் பார்த்தே போய், எதிர்க்கரைக்கு இந்தப் பக்கம் தண்ணீரில் விழுந்தது.

துரும்பு மட்டையின் நம்பரைத் திருப்பிப் பார்த்தாள். ஒன்பதுதான்.

"நல்லாத்தான் அடிச்சே," என்றாள் அண்ணி மெதுவாக. "உன் கை இப்போ பன்னெண்டு யார்டு கம்மியாப் போடுது. நான் அதைக் கூட்டிச் சொல்லிட்டு வந்தேன்."

"எப்போலேர்ந்து?"

"குழாயைத் தொறந்து வச்சுட்டு நீ களிம்பு தேய்க்க ஆரம்பிச்சதுலேர்ந்து."

அண்ணி ஊரில் பிசியோதெரபிஸ்ட். அவளிடம் போய்த் தோள்வலியை மறைத்தது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். வலி தெரிந்தால் ஆட்டத்தை நிறுத்திவிடுவார்கள் என்று பயந்துதான் துரும்பு யாரிடமும் மூச்சுவிடவில்லை.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே அண்ணி."

"சொன்னா தூரம் கொறைஞ்சதை நீ பொறுத்துப்பியா? பலத்தைப் போட்டு அடிச்சுத் தோளைக் கிழிச்சுப்பே. நிதானமா அடிச்சா சீசன் முடியற வரைக்கும் தாங்கும்னு பார்த்தேன். முடிஞ்சதும் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்னு உங்க அண்ணன்கிட்ட சொல்லி வச்சேன்."

ஓர் அடி அபராதத்தோடு இன்னொரு பந்தை வைத்து, அண்ணி கொடுத்த மட்டையால் அடித்தாள். அது கொடியருகில் விழுந்து உருண்டு விலகியது. ஆறு அடியில் முடித்தாள். மாலையில் பட்டியல் வந்தபோது பதினோராவது இடம். யாரோ முதுகில் தட்டினார்கள், அதுவும் அந்தத் தோளில்.

காரில் ஊருக்குக் கிளம்பினார்கள். வெட்கத்தில் துரும்புக்கு அழுகை வந்தது. அழுதால் அண்ணி வண்டியை ஓரம் கட்டிவிடுவாள் என்று அடக்கிக்கொண்டாள். கடைசியில் துரும்புதான் வாயைத் திறந்தாள். தோளைச் சரிசெய்துகொண்டு இன்னும் ஒரு வருடம் அண்ணனிடம் கெஞ்சிப் பார்த்தால், பை தூக்க வருவீர்களா என்று கேட்டாள்.

அண்ணி சாலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"வர்றேன். ஆனா இனிமே நான் எந்த நம்பரைச் சொன்னாலும் நீ ஒருதடவை சரிபார்த்துட்டுத்தான் அடிப்பே. இல்லையா?"

இல்லை, இனி சரிபார்க்க மாட்டேன் என்று சொல்லத் துரும்பு வாயெடுத்தாள். அண்ணி காத்திருந்தாள். ஒரு சிக்னல் பச்சையாகி, அவர்கள் அதைக் கடந்தும் போய்விட்டார்கள்.