கோயிலுக்கு ஒப்புக்கொடுத்த புளியமரம்

திருநெல்வேலி ஜில்லாவிலுள்ள சகல சபையாருக்கும், வெளியே நின்று எட்டிப் பார்ப்பவர்களுக்கும் இதனால் அறிவிக்கப்படுவது என்னவென்றால்: ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எட்டாம் வருஷம், பாளையங்கோட்டைக்குக் கிழக்கே தாமிரபரணிக் கரையிலிருந்த ஒரு சிற்றூரில், மாசிலாமணி என்னும் பக்திமான் தம்மையும் தமக்குண்டான யாவற்றையும் ஆண்டவருக்கு முழுமையாக ஒப்புக்கொடுக்கத் தீர்மானித்தார்.

ஆனால் பக்கத்து வயல்காரன் ஜெபசீலன் முந்திக்கொண்டுவிட்டான்.

எழுப்புதல் கூட்டங்கள் ஊர் ஊராக நடந்த காலம் அது. வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவர் வந்து, "உங்களுக்கு எது உயிரோ அதை விடுங்கள்" என்று தொண்டை கட்டும்வரை பேசிவிட்டுப் போனார். அதிலிருந்து வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தில் ஒரு வழக்கம் பிடித்துக்கொண்டது. எதை விடுகிறோமோ, அதன் அடையாளத்தைப் பீடத்துக்கு முன்னால் வைத்து, எழுந்து நின்று சாட்சி சொல்ல வேண்டும். ஒருவர் பொடிமட்டையை வைத்தார். ஒரு விதவை காதிலிருந்த பாம்படத்தைக் கழற்றி வைத்தாள். இன்னொருவன் குடுமியையே அறுத்து வைத்துவிட, வேதக்கோயிலைப் பெருக்குகிறவன் அதைத் தொடமாட்டேன் என்று தகராறு செய்தான்.

மாசிலாமணி வெற்றிலைப் பெட்டியை வைத்து விம்மி விம்மி அழுதார். பல்லெல்லாம் போனவருக்கு வெற்றிலைப் பெட்டி எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. அழுகையில் சபைக்கு அவரே முதல் ஆள். அவர் ஜெபத்தை ஆரம்பித்தால் பிள்ளைகள் தூங்கி, விழித்து, மறுபடி தூங்கும்.

அவருக்கு உயிர் வெற்றிலை அல்ல, வழக்கு. அவர் வயலுக்கும் ஜெபசீலன் வயலுக்கும் நடுவே ஒரு புளியமரம் நின்றது. அது யாருடையது என்று முன்சீபு கோர்ட்டில் வருஷக்கணக்காக நடந்துகொண்டிருந்தது. வாய்தா நாளில் அவர் கோட்டு மாட்டிக்கொண்டு புறப்படும் அழகைப் பார்த்தால் கல்யாணத்துக்குப் போகிறார் என்று தோன்றும். வழக்கை ஜெயிப்பது, அறுப்புப் பண்டிகைக்கு அத்தியட்சராகிய பிஷப் வரும்போது அவர் முன்னிலையில் மரத்தைக் கோயிலுக்குக் கொடுப்பது, இதுதான் அவருடைய திட்டம். சாட்சியைக்கூட மனப்பாடம் செய்திருந்தார். எந்த இடத்தில் குரல் தழுதழுக்க வேண்டும் என்பது உட்பட.

அந்த வெள்ளிக்கிழமை ஜெபசீலன் ஒரு புளியங்கொப்போடு எழுந்தான்.

"மரத்த விட்டுட்டேன். கோயிலுக்கே இருக்கட்டும். மாசிலாமணி அண்ணாச்சி மேல இருந்த கோவத்தையும் விட்டுட்டேன்."

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டான். ஒரு சொட்டுக் கண்ணீர் கிடையாது. அழுதது சபைதான். "இதல்லவோ ஒப்புக்கொடுத்தல்!" என்றார் சபைக் குருவான ஐயர். மாசிலாமணி மட்டும் பொறாமையோடு அந்தப் புளியங்கொப்பையே முறைத்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் ஜெபசீலன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "அண்ணாச்சி, மனசு பஞ்சாட்டம் இருக்கு. விடணும்னு முடிவு பண்ணிட்டு நேத்து அப்படி ஒறங்கினேன், பாத்துக்கிடும்."

மாசிலாமணிக்கு அந்த உறக்கத்தின்மேலும் பொறாமை வந்தது. அவர் நன்றாக உறங்கி எத்தனையோ காலம்.

"நீங்களும் விட்டிருக்கலாம்லா?" என்றாள் அவர் மனைவி ஞானாபரணம், கஞ்சியை ஊற்றிக்கொண்டே.

"எத விட? விடுததுக்கு நான் வச்சிருந்ததத்தான் அவன் விட்டுட்டானே! அடுத்தவன் மரத்தத் தூக்கிக் குடுக்கதுக்குப் பேரு பக்தியாட்டி?"

"ஒங்க மரம்னு யாரு சொன்னா? இன்னும் தீர்ப்பே வரலியே."

மாசிலாமணி கஞ்சியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். அவள் சொன்னதில்தான் வழி இருந்தது. தம்முடையது என்று ஆனால்தானே தாம் கொடுக்க முடியும்? மறுநாளே பாளையங்கோட்டையில் வக்கீல் வைத்தியலிங்கம் பிள்ளை முன்னால் போய் நின்றார்.

பிள்ளை திருநீறு பூசிய நெற்றியைச் சுருக்கினார். "என்னவே சொல்லுதீரு? எதிராளிதான் ஒதுங்கிட்டானே. இனி யார் மேல கேசு?"

"கோயில் மேல."

"மரத்த வாங்கி என்ன செய்யப் போறீரு?"

"கோயிலுக்குக் குடுக்கப் போறேன்."

"கோயிலுக்குக் குடுக்கதுக்குக் கோயில் மேல கேசு. எங்க சாமிக்கெல்லாம் இப்படி ஒரு பக்தன் வாய்க்கலியே வே!" என்றபடி பிள்ளை பேனாவை எடுத்தார்.

வழக்கு நடந்தது. ஐயர் வந்து கெஞ்சினார். "ஒம்ம பேருக்கு நானே எழுதித் தாரேன், அண்ணாச்சி, நீரே குடுத்ததா இருக்கட்டும்" என்று ஜெபசீலனும் அவர் வீட்டுக்கே வந்து சொன்னான். இதைவிடப் பெரிய அவமானம் வேண்டுமா? இரண்டாந்தரமும் அவனே விட்டுக்கொடுத்துவிட்டான்! மாசிலாமணி அவனை வாசலோடு அனுப்பினார். அன்று தொடங்கி அவருடைய ஜெபம் இன்னும் நீண்டது. 'ஆண்டவரே, என்னை உம்முடைய பாதத்தில் முழுசாகப் படைக்கிறேன், தீர்ப்பு மட்டும் என் பக்கம் வரட்டும்' என்று மன்றாடினார்.

அறுப்புப் பண்டிகைக்கு முந்தின வாரம் கோர்ட்டு உத்தரவுப்படி சர்வேயர் சங்கிலியோடு வந்தார். சபை முழுவதும் வரப்பில் கூடிவிட்டது. மாசிலாமணி கோட்டு மாட்டிக்கொண்டு, தழுதழுக்கத் தயாராக நின்றார்.

அளந்து பார்த்ததில், மரம் சர்க்கார் புறம்போக்கில் நின்றது.