எல்லாம் சவுதிதான்

மஸ்கெலியாவுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான அந்த லயத்தில், யார் எந்த அரபு நாட்டுக்குப் போனாலும் பெயர் ஒன்றுதான்: சவுதி. கத்தாரில் சமைப்பவளும் சவுதிக்காரி, துபாயில் லாரி ஓட்டுபவனும் சவுதிக்காரன். அந்த வாய்ப்பழக்கம்தான் சண்முகவடிவின் வீட்டுக்கு வினையாக வந்தது.

வீட்டு வேலைக்குப் போன தங்கச்சி கிருஷாந்தியின் போன் சித்திரை வருஷப்பிறப்போடு நின்றுபோனது. அக்காவும் அம்மாவும் கொழும்புக்கு ஓடி, வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் முறைப்பாடு கொடுத்தார்கள். ஏஜென்ட் சின்னராசா அவளை விசிட் விசாவில் அனுப்பியிருந்ததால் அங்கே பதிவும் இல்லை. எந்த நாடு என்று கேட்டார்கள். அம்மா அழுதுகொண்டே, "சவுதிங்க" என்றாள். சண்முகவடிவும் தலையாட்டினாள்.

அப்படி ஒருத்தி சவுதிக்கு வரவே இல்லை என்று பதில் வருவதற்குள் தீபாவளி வந்துவிட்டது. பழைய வாய்ஸ் மெசேஜ்களைத் திரும்பப் போட்டபோதுதான், "குவைத்துல வெயிலு கொல்லுதுக்கா" என்று தங்கச்சி சொன்னது உறைத்தது. சண்முகவடிவுக்குத் தன்மேலேயே ஆத்திரம் பொங்கியது. மகளின் அட்லஸை விரித்து அந்த வளைகுடாவை விரலால் சுற்றினாள். குவைத், ஈராக், ஈரான், சவுதி, பஹ்ரைன், கத்தார், எமிரேட்ஸ், வாசலில் ஓமான். ஒரு கடலைச் சுற்றி இத்தனை நாடா என்று மலைத்துப் போனாள். இன்னொரு முறைப்பாடு கொடுத்துக் காத்திருக்காமல் தானே போய்த் தேடுவது என்று முடிவெடுத்து, அதே சின்னராசாவிடம் குவைத் விசா கேட்டாள்.

புறப்படும் காலையில் அவன் வேனைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டுச் சாவகாசமாகச் சொன்னான்:

"குவைத்து கெடைக்கலம்மா. ஓமான்தான் கெடச்சிச்சு. எல்லாம் ஒரே கடல்தானே, ஏறு."

"மஸ்கெலியா டேமும் ஒரே தண்ணிதாண்ணே. சுத்தி எத்தன தோட்டம் இருக்கு? இந்தக் கரையில தொலைஞ்ச புள்ளைய எதிர்க்கரையில போயி தேடுவீங்களா?"

சின்னராசா சிரித்தான். "நான் யார எங்க அனுப்புனேன்னு யாருக்குத் தெரியும்? கேட்டா இந்த லயமே சவுதின்னுதானே சொல்லும்!"

சண்முகவடிவு வழியனுப்ப நின்ற சனத்தின் பக்கம் திரும்பினாள்.

"என் தங்கச்சி எங்க இருக்கா? சொல்லுங்க."

பக்கத்து வீட்டுப் பேச்சியம்மா நேற்றுவரை சவுதி என்றவள்தான். விபூதித் தட்டைப் படியில் வைத்துவிட்டு, நேரே வேனுக்கு முன்னால் போய் நின்றாள்.

"குவைத்துல."

"குவைத்துல" என்றாள் அடுத்தவள். பிறகு லயமே சொன்னது.

சண்முகவடிவு பெட்டியை வீட்டுக்குள் தள்ளிவிட்டு வேனின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"இப்ப எடுங்க வண்டிய. நேரா போலீசுக்கு. அவள எந்த வீட்டுல விட்டீங்கன்னு அங்க வந்து சொல்லுங்க."

சின்னராசா திரும்பிப் பார்த்தான். பின்சீட்டுகளில் பெண்கள் இடித்துக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தார்கள். கடைசியாக ஏறிய பேச்சியம்மா கதவை இழுத்துச் சாத்தினாள்.

"என்னா பாக்குறீங்க? இந்தத் தடவ கேட்டா நாங்க சரியாத்தான் சொல்லுவோம்."